மட்டக்குதிரைக் கதைகள்: டீச்சரிடம் கேளுங்கள்

பிள்ளைகளுக்காக எழுதப்பட்ட பழைய ஆங்கில மட்டக்குதிரை (போனி) கதைகளைத் தேடிச் சேர்ப்பது பற்றிப் போன இதழில் ஒரு பக்கம் எழுதியிருந்தேன். களியக்காவிளையிலிருந்து அஞ்சுகிராமம் வரைக்கும் கடிதம் வந்துவிட்டது. எழுதியவர்களில் நிறையப் பேர் ஏற்கெனவே வீட்டில் ரெண்டு மூணு புத்தகம் வைத்திருக்கிறவர்கள். எல்லாவற்றுக்கும் இங்கே இடமில்லை, பலரும் கேட்டதை எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: டீச்சர், ஆக்கர் கடையில் (பழைய சாமான் கடையில்) மகளுக்காக ‘பிளாக் பியூட்டி’ வாங்கினேன். பெரிய எழுத்து, கலர் படம், 80 பக்கம். ஒரே நாளில் முடித்துவிட்டு “இவ்வளவுதானா?” என்கிறாள். முழுக் கதையே இதுதானா?
ஒரு அம்மா, தக்கலை

பதில்: இல்லை தங்கச்சி, மகள் சரியாகத்தான் கேட்டிருக்கிறாள். ஒரு குதிரையே தன் கதையைச் சொல்கிற புத்தகம் அது, முழுசாக நாலு பாகம், 49 அத்தியாயம் உண்டு. அடுத்த தடவை வாங்கும்போது கடைசி அத்தியாயத்தின் எண்ணைப் பாருங்கள். 49 இல்லையென்றால் யாரோ வெட்டிச் சுருக்கியது என்று வைத்துக்கொள்ளலாம்.

வெட்டினால் என்ன போகிறது என்று கேட்பீர்கள். எழுதிய அன்னா சுவெல் 14 வயதில் விழுந்து கணுக்காலில் அடிபட்டவர், அதற்கப்புறம் சாகும்வரை சரியாக நடக்கவே முடியவில்லை. எங்கே போவதென்றாலும் குதிரை வண்டிதான். தினமும் குதிரையின் முதுகையும் கழுத்தையும் பார்த்தபடியே போய் வந்த ஒரு பெண், 1871இல் தொடங்கி, படுத்த படுக்கையாகவே கொஞ்சம் கொஞ்சமாக எழுதி, முடியாத நாட்களில் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்து அம்மாவைப் பிரதி எடுக்க வைத்து, 1877 நவம்பரில் புத்தகம் வெளிவந்து, அடுத்த ஏப்ரலில் இறந்துபோனார். அவர் எழுதியது ஒரே புத்தகம். அதையும் பிள்ளைகளை நினைத்து எழுதவில்லை, குதிரையோடு வேலை செய்கிறவர்கள் படிக்கட்டும், படித்துவிட்டு அதனிடம் கொஞ்சம் அன்பாக இருக்கட்டும் என்றுதான் எழுதினார்.

அதனால் அந்தப் புத்தகம் நெடுக வேலைதான். லாயத்தில் வைக்கோல் நனைந்திருந்தால் குளம்பு என்ன ஆகும், வியர்த்து வந்த குதிரைக்கு உடனே பச்சைத் தண்ணீர் காட்டினால் என்ன ஆகும் என்றெல்லாம் குதிரையே சொல்லும். அந்தக் காலத்துப் பணக்காரர் வண்டிகளில், பார்வைக்கு மிடுக்காக இருக்க வேண்டும் என்று குதிரையின் தலையைத் தூக்கி இழுத்து ஒரு வாரால் கட்டி வைப்பார்கள். மேட்டில் பாரம் இழுக்கும்போது தலையைத் தாழ்த்த முடியாது, மூச்சு முட்டும், கழுத்து வீங்கும். அந்த வாருக்கு எதிராக ஊரே பேசத் தொடங்கியதில் இந்தப் புத்தகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 80 பக்கப் பதிப்பில் இதெல்லாம் ரெண்டு வரியில் முடிந்துவிடும். ஜிஞ்சர் என்கிற பெண்குதிரை லண்டன் வாடகை வண்டியில் உழைத்து ஓய்ந்து சாகிற இடத்தைச் சில பதிப்புகள் தொடவே தொடாது. பிள்ளை அழுதுவிடுமாம். அழட்டுமே, அந்த இடத்தில் அழுத பிள்ளை பிறகு ஒரு வண்டி மாட்டின் கழுத்துப் புண்ணைப் பார்க்காமல் கடந்து போகாது.

நம் நாட்டிலும் இதற்குச் சட்டம் இருக்கிறது. 1965இல் வந்த பார விலங்குகள் விதிப்படி ஒரு நாளைக்கு 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, இடையில் ஓய்வு கொடுக்காமல் 5 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. மகளிடம் இதையும் சொல்லுங்கள், கதையும் சட்டமும் ஒரே விஷயத்தைப் பேசுவது அவளுக்கே தெரியும்.

முழுப் புத்தகத்துக்குக் காசு வேண்டாம். காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. புராஜெக்ட் குட்டன்பெர்க் தளத்தில் இலவசமாக இருக்கிறது, லிப்ரிவாக்ஸில் ஒலியாகவும் கேட்கலாம்.

கேள்வி: டீச்சர், மட்டக்குதிரை என்றால் குதிரைக்குட்டியா? கடல் வருகிற குதிரைக் கதை ஏதாவது இருக்கிறதா?
எட்டாம் வகுப்பு மாணவன், குளச்சல்

பதில்: இல்லை மக்களே, குட்டி வளர்ந்தால் குதிரையாகிவிடும், மட்டக்குதிரை எவ்வளவு வளர்ந்தாலும் மட்டக்குதிரைதான். குதிரையின் உயரத்தைத் தலைவரைக்கும் அளக்க மாட்டார்கள், கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில் இருக்கிற மேடு வரைக்கும்தான். பொதுவாக அந்த உயரம் 147 சென்டிமீட்டர் அளவைத் தாண்டாவிட்டால் மட்டக்குதிரை. நம் நாட்டில் மணிப்பூர் மட்டக்குதிரை ரொம்பப் பேர்போனது, வெள்ளைக்காரர்கள் போலோ கற்றுக்கொண்டதே அந்தப் பக்கம்தான்.

கடல் கேட்டாய் அல்லவா, உனக்கென்றே ஒன்று இருக்கிறது. மார்கரீட் ஹென்றி எழுதிய ‘மிஸ்டி ஆஃப் சின்கோட்டீக்’, 1947. அமெரிக்காவில் வர்ஜீனியா கரைக்குப் பக்கத்தில் அசடீக் என்று ஒரு தீவு, அதில் மட்டக்குதிரைகள் காட்டுக் குதிரைகளாகத் திரிகின்றன. வருஷத்துக்கு ஒருதரம் ஜூலை கடைசியில் அவற்றைத் திரட்டி, இடையிலிருக்கிற கடல்கழியில் நீந்தவிட்டு, பக்கத்துச் சின்கோட்டீக் தீவுக்குக் கொண்டுவந்து, சில குட்டிகளை ஏலம் விடுவார்கள். இது இன்றைக்கும் நடக்கிறது, பணம் அந்த ஊர் தீயணைப்புப் படைக்குப் போகும். கதையில் வரும் அண்ணனும் தங்கையும் ஒரு குதிரை வாங்க ஆசைப்பட்டு, கடலோரத்தில் சிப்பி எடுத்து விற்றும், தாத்தாவின் குட்டிகளைப் பழக்கிக் கொடுத்தும் காசு சேர்ப்பார்கள். மிஸ்டி என்கிற குட்டி நிஜமாகவே இருந்தது. குளச்சல் பையனுக்கு அந்தப் பக்கங்களில் அகராதி பெரிதாகத் தேவைப்படாது.

கேள்வி: பிளாக் பியூட்டிக்கு அப்புறம் எதைப் படிக்கலாம்? எழுத்தாளர் பெயர்களே தெரியவில்லை டீச்சர்.
கல்லூரி மாணவி, நாகர்கோவில்

பதில்: பிளாக் பியூட்டி வந்து ஐம்பது வருஷத்துக்கு மேல், குதிரைக் கதை என்றால் குதிரையே தன் கதையைச் சொல்ல வேண்டும் என்று ஒரு வழக்கம் இருந்தது. 1929இல் வந்த ‘மூர்லேண்ட் மௌசி’யிலும் இங்கிலாந்தின் எக்ஸ்மூர் பகுதி மட்டக்குதிரை ஒன்றுதான் பேசும். இதை மாற்றியவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் ஜோன்னா கேனன். 1936இல் வந்த அவருடைய ‘எ போனி ஃபார் ஜீன்’ கதையில் நடுவில் இருப்பது குதிரை இல்லை, ஒரு சிறுமி. அப்பாவிடம் பணம் போய்விட்டது, குடும்பம் லண்டனை விட்டுக் கிராமத்துக்கு வருகிறது, உறவுக்காரர்கள் யாருக்கும் வேண்டாத, விலா எலும்பு தெரிகிற ஒரு குதிரையை இவளிடம் தள்ளிவிடுகிறார்கள். அவளுக்கோ சவாரியும் தெரியாது, ஒன்றும் தெரியாது. அந்தக் குதிரையைத் தேற்றி, தானும் விழுந்து எழுந்து கற்றுக்கொள்கிறாள். அதற்குப் பிறகு முப்பது வருஷம் இங்கிலாந்தில் வந்த மட்டக்குதிரைக் கதைகளில் பெரும்பாலானவை இந்தத் தடத்தில் போனவைதான்.

ஜோன்னாவின் மூன்று மகள்களும் இதையே எழுதினார்கள். ஜோசஃபின், இரட்டையர் டயானா, கிறிஸ்டின், குடும்பப் பெயர் புல்லைன் தாம்ப்சன். மூவரும் சேர்ந்து எழுதிய முதல் புத்தகம் 1946இல் வந்தது. அதே வருஷம் ஜோசஃபின் தனியாக எழுதிய ‘சிக்ஸ் போனீஸ்’ எனக்கு ரொம்பப் பிடித்தது. இங்கிலாந்தின் நியூ ஃபாரஸ்ட் பகுதியைச் சேர்ந்த, பழக்கப்படாத ஆறு மட்டக்குதிரைகளை ஆறு பிள்ளைகளிடம் கொடுத்துப் பழக்கச் சொல்வார்கள், அவ்வளவுதான் கதை. யார் அவசரப்படுகிறார்கள், யாருக்கு முன்கோபம், யார் அடிக்கிறார்கள், யார் காத்திருக்கிறார்கள் என்பது ஒவ்வொரு குதிரையின் நடையிலும் தெரிந்துவிடும். ஒரு பி.எட். மாணவிக்குக் கூட இதை நான் தயங்காமல் கொடுப்பேன்.

வரலாறு பிடிக்குமென்றால் மேரி ட்ரெட்கோல்டின் ‘வீ குடின்ட் லீவ் டைனா’வைத் தேடுங்கள், பிரிட்டனில் பிள்ளைகள் புத்தகத்துக்குக் கொடுக்கிற கார்னகி பதக்கத்தை 1941க்கு வாங்கியது. இங்கிலீஷ் கால்வாயில் ஒரு கற்பனைத் தீவு, ஜெர்மன் படை வந்து இறங்குகிறது, குதிரையை விட்டுப் போக மனமில்லாத பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள். அரபுக் குதிரை பிடிக்குமென்றால் மார்கரீட் ஹென்றியின் ‘கிங் ஆஃப் த விண்ட்’, 1949இல் அமெரிக்காவின் பிள்ளைகள் புத்தகப் பரிசான நியூபெரி பதக்கம் வாங்கியது. ஆஸ்திரேலியா பக்கம் போக ‘த சில்வர் பிரம்பி’, 1958, பிரம்பி என்றால் அந்த ஊர்க் காட்டுக் குதிரை. முதலில் ஜீன், அப்புறம் சிக்ஸ் போனீஸ், மற்றது கிடைக்கிற வரிசையில்.

கேள்வி: நான் பழைய பேப்பர்பேக் சேர்க்கிறவன். புத்தகத்தில் வருஷம் போட்டிருக்கும் பக்கம் கிழிந்திருந்தால் எந்தக் காலத்துப் பிரதி என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எங்கே தேடினால் கிடைக்கும்?
ஓய்வுபெற்ற தபால் ஊழியர், மார்த்தாண்டம்

பதில்: விலையைப் பாருங்கள் அண்ணாச்சி. அட்டையில் 2/6 என்பது போலச் சாய்கோடு போட்டிருந்தால் ரெண்டு ஷில்லிங் ஆறு பென்ஸ். இங்கிலாந்து 1971 பிப்ரவரியில் தசம நாணயத்துக்கு மாறியது, ஆகவே ஷில்லிங் விலை மட்டும் இருந்தால் அதற்கு முந்தியது. ரெண்டு விலையும் சேர்ந்திருந்தால் மாறுகிற சமயத்தில் அச்சானது. பத்து இலக்க ஐஎஸ்பிஎன் (ஒவ்வொரு புத்தகத்துக்கும் கொடுக்கிற உலகப் பொது எண்) இருந்தால் 1970ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோ வந்தது. போர்க்காலத்துக் கெட்டி அட்டைப் புத்தகங்களில், காகிதச் சிக்கன விதிப்படி அச்சிட்டது என்று ஒரு சிங்கம் போட்ட முத்திரை இருக்கும், தாள் மெலிசாக, ஓரம் வரைக்கும் நெருக்கி அச்சடித்திருப்பார்கள்.

ஒரே புத்தகத்தை ரெண்டு பெயரில் வாங்கிவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். ரூபி ஃபெர்குசன் எழுதிய, ஜில் என்கிற சிறுமியின் கதை வரிசை 1949இல் தொடங்கி மொத்தம் 9 புத்தகம். அதில் ‘ஜில் என்ஜாய்ஸ் ஹர் போனீஸ்’ பின்னால் ‘ஜில் அண்ட் த ரன்அவே’ ஆனது, ‘போனி ஜாப்ஸ் ஃபார் ஜில்’ ‘சேலஞ்சஸ் ஃபார் ஜில்’ ஆனது.

இன்னொன்று, 1960களிலும் எழுபதுகளிலும் வந்த ஆர்மடா பதிப்பகத்துப் பேப்பர்பேக்குகள்தான் நம் ஊரில் அதிகம் கண்ணில் படும். அட்டைப்படம் கண்ணைப் பறிக்கும், ஆனால் அதில் பல கதைகள் சுருக்கப்பட்டவை. அட்டைக்காக வைத்துக்கொள்ளலாம், தப்பே இல்லை. படிக்க வாங்குகிறவர்கள் முதுகு கிழிந்த பழைய கெட்டி அட்டைப் பிரதியாக இருந்தாலும் அதையே எடுக்க வேண்டும் என்பது என் பிடிவாதம்.

தேடுகிற இடம் என்றால் திருவனந்தபுரம் பாளையத்துப் பழைய புத்தகக் கடைகள் நமக்குப் பக்கம். அப்புறம் நம்ம ஊர் ஆக்கர் கடைகளைக் குறைவாக நினைக்காதீர்கள். மிஷன் பள்ளிக்கூடங்கள் இருநூறு வருஷமாக இருக்கிற மண் இது, பரிசளிப்பு விழாவில் கொடுத்த ஆங்கிலப் புத்தகங்கள் பழைய வீடு இடிக்கும்போது மூட்டையாக வெளியே வரும். பரிசுச் சீட்டு ஒட்டியிருந்தால் பிய்க்க வேண்டாம். வெளிநாட்டு விற்பனையாளரிடம் வாங்கினால் பல நேரம் புத்தகத்தை விட அஞ்சல் செலவு அதிகம், அதனால் நாலைந்தாகச் சேர்த்துக் கேளுங்கள், தபால் கணக்கு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: வெள்ளைக்காரப் பணக்காரப் பிள்ளைகள் குதிரை ஏறிய கதை நம்ம பிள்ளைகளுக்கு எதற்கு? ரப்பர் வெட்டப் போகிற வீட்டுப் பிள்ளைக்கும் கட்டுமரத்துக்காரர் பிள்ளைக்கும் இதில் என்ன இருக்கிறது? கோபமாகத்தான் கேட்கிறேன்.
ஒரு வாசகர், குழித்துறை

பதில்: கோபம் சரிதான் சார். இந்தப் புத்தகங்களில் பலவற்றில் சமையலுக்கு ஆள், தோட்டத்துக்கு ஆள், அவர்களுக்கு ஒரு முழுப் பெயர் கூடக் கிடையாது. நாடோடி மக்களைத் திருடர்களாகவே காட்டுகிற இடங்கள் உண்டு. நிறத்தைச் சொல்லி இழிவாகப் பேசுகிற சொற்கள் உண்டு. ஜில்லின் முதல் குதிரைக்கு ‘பிளாக் பாய்’ என்று பெயர், பிற்காலப் பதிப்பில் அதை மாற்றினார்கள். பிள்ளையிடம் கொடுக்கிறவர் முதலில் படித்து, அந்த இடம் வரும்போது பக்கத்தில் உட்கார்ந்து இது தவறு என்று சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஆனால் நல்ல மட்டக்குதிரைக் கதையில் கதாநாயகிக்குப் பெரும்பாலும் பணம் இருக்காது. ஜீன் வீட்டில் இல்லை. ஜில்லுக்கு அப்பா இல்லை, அம்மா கதை எழுதி வரும் காசில் வீடு ஓடுகிறது. சின்கோட்டீக் பிள்ளைகள் சிப்பி விற்றவர்கள். பணக்காரப் பெண் புதுச் சேணம், பளபளக்கிற காலணி என்று வந்து நிற்பாள், இவள் ஒட்டுப்போட்ட கால்சட்டையோடு நிற்பாள், அப்புறம் யாருடைய குதிரை சொன்ன பேச்சைக் கேட்கிறது என்று பார்ப்போம் என்பதில்தான் கதையே இருக்கிறது. அது காசால் வராது. விடிகாலை எழுந்து சாணம் அள்ளி, தண்ணீர் சுமந்து, குளம்பில் சிக்கிய கல்லை எடுத்து, அப்புறம் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குத்தான் வரும்.

இந்த வேலை யாருக்குத் தெரியும் சொல்லுங்கள். ஆடு வளர்க்கிற வீட்டுப் பிள்ளைக்குத் தெரியும். பசுவுக்குப் புல் அறுத்துக்கொண்டு வருகிற பிள்ளைக்குத் தெரியும். மார்த்தாண்டம் பக்கம் தேனீப் பெட்டி பார்க்கிற வீட்டில் வளர்கிற பிள்ளைக்கு, பதறாமல் கை வைக்க வேண்டும் என்பது யாரும் சொல்லாமலே தெரியும். பட்டணத்து ஃபிளாட்டில் வளர்கிற பிள்ளையைவிட இவர்கள்தான் இந்தக் கதைக்குச் சொந்தக்காரர்கள் என்று நினைக்கிறேன். தான் தினமும் செய்கிற வேலை, வீட்டில் யாரும் பெரிதாக மதிக்காத வேலை, ஒரு புத்தகத்தில் இருநூறு பக்கத்துக்கு முக்கியமான விஷயமாக எழுதப்பட்டிருப்பதைப் பார்க்கிற பிள்ளைக்கு என்ன கிடைக்கும் என்று நீங்களும் ஒருதரம் யோசித்துப் பாருங்கள். நம் ஊர் ஆட்டையும் எருமையையும் வைத்து இவ்வளவு விவரமாகத் தமிழில் பிள்ளைகளுக்கு யாராவது எழுத வேண்டும், அதில் உங்களோடு நானும் கோபப்படுகிறேன்.

கேள்வி: நான் பையன். இதெல்லாம் பெண்பிள்ளைகள் புத்தகம் என்று அண்ணன் கிண்டல் செய்கிறான்.
ஆறாம் வகுப்பு, திங்கள்சந்தை

பதில்: வில் ஜேம்ஸ் என்று ஒருவர், மாடு மேய்க்கும் கௌபாயாக வேலை செய்தவர், 1926இல் ‘ஸ்மோக்கி’ எழுதினார், படமும் அவரே வரைந்தார். அதை அண்ணனுக்குக் கொடு. ‘த பிளாக் ஸ்டாலியன்’, 1941, அதை நீ வைத்துக்கொள். கப்பல் மூழ்கி ஒரு பையனும் ஒரு முரட்டுக் குதிரையும் ஆளில்லாத தீவில் தனியாக மாட்டிக்கொள்வார்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் வருஷத்தில் பாதி நாள் மழை. புத்தகமெல்லாம் பூஞ்சை பிடிக்கிறது, செதல் (கரையான்) வேறு. என்ன செய்வது டீச்சர்?
ஒரு வாசகி, குலசேகரம்

பதில்: ரெண்டு பருவமழையும் நமக்கு உண்டு, அதனால் இதை மழை தொடங்கும் முன்பே யோசிக்க வேண்டும். புத்தக அலமாரியைச் சுவரை ஒட்டிப் போடாதீர்கள், நாலு விரல் இடம் விடுங்கள், தரையிலிருந்தும் உயர்த்துங்கள், செதல் வந்தால் அப்போதுதான் கண்ணில் படும். நெருக்கித் திணிக்க வேண்டாம், காற்று போக வேண்டும். வெயில் அடிக்கிற நாளில் நிழலில் விரித்துக் காற்றாட வையுங்கள், நேர் வெயில் வேண்டாம், அட்டை நிறம் வெளுத்துப் பசை உதிர்ந்துவிடும்.

பூஞ்சை பிடித்ததை முதலில் மற்றவற்றிலிருந்து பிரித்து, நன்றாகக் காயவிட்டு, வெளியே கொண்டுபோய், மூக்கில் துணி கட்டிக்கொண்டு, மெல்லிய தூரிகையால் தட்டுங்கள். ஈரமாக இருக்கும்போது துடைத்தால் உள்ளே இறங்கிவிடும். ஆக்கர் கடையிலிருந்து வருகிற புத்தகத்தில் ராமபாணப் பூச்சி இருக்கும் என்று சந்தேகம் வந்தால், பிளாஸ்டிக் பையில் காற்றுப் போகாமல் கட்டி, ஃப்ரீசரில் ரெண்டு வாரம் வையுங்கள், வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல் ஒரு நாள் விட்டுவிட்டு அப்புறம் பிரியுங்கள். வசம்பைத் துணியில் முடிந்து அலமாரியில் போடுவது ஓலைச்சுவடிக் காலத்து வழக்கம், நானும் போடுகிறேன். பாச்சா உருண்டை வேண்டாம், பிள்ளைகள் முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்கிற பொருள்.

தயவு செய்து செல்லோடேப் ஒட்டாதீர்கள். சில வருஷத்தில் பசை பழுப்பாகித் தாளைத் தின்றுவிடும். அந்தக் காலத்து மலிவுத் தாள் மரக்கூழில் செய்தது, அமிலம் அதிகம், தானாகவே மஞ்சளாகி நொறுங்கும். அதை நிறுத்த முடியாது, தள்ளிப்போடலாம். அதனாலேயே சொல்கிறேன், பூட்டி வைக்காமல் இப்போதே படித்துவிடுங்கள்.

கேள்வி: தமிழில் குதிரைக் கதை உண்டா? பேரனுக்கு ஆங்கிலம் அவ்வளவு வராது.
ஒரு தாத்தா, கோட்டாறு

பதில்: இருக்கிறது ஐயா. தேசிங்கு ராஜன் கதையில் யாராலும் அடக்க முடியாத பாராசாரிக் குதிரையை இளவயதுத் தேசிங்கு அடக்குகிற பகுதியைச் சொல்லுங்கள், நண்பன் ஏறி வருகிற நீலவேணியைச் சொல்லுங்கள். மாணிக்கவாசகருக்காக நரி பரியான கதை உங்களுக்கே தெரியும். அதைச் சொல்லும்போது, பாண்டியன் ஏன் கடல் தாண்டிக் குதிரை வாங்கினான் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். அரபுக் குதிரைகள் ஆயிரக்கணக்கில் காயல் துறைக்கு வந்து இறங்கியதையும், பராமரிக்கத் தெரியாமல் அவை நிறையச் செத்துப்போனதையும் மார்க்கோ போலோ எழுதி வைத்திருக்கிறார். பேரன் கட்டாயம் ஏன் செத்தது என்று கேட்பான். விஜயதசமிக்குக் கன்னியாகுமரி பகவதி அம்மன் குதிரை வாகனத்தில் மகாதானபுரத்துக்குப் பரிவேட்டைக்குப் போவதைக் காட்டிக்கொடுங்கள்.

பேரன் கொஞ்சம் பெரியவனானதும், கிர்கிஸ் எழுத்தாளர் சிங்கிஸ் ஐத்மாத்தவின் ‘குல்சாரி’. ரஷ்யப் புத்தகங்கள் தமிழில் மலிவாக வந்துகொண்டிருந்த காலத்தில் இதுவும் தமிழில் வந்தது. ஒரு கிழவரும் அவருடைய கிழக் குதிரையும் கடைசியாக ஒரு வழி நடக்கிறார்கள், நடக்க நடக்க ரெண்டு பேருடைய வாழ்க்கையும் வரும். சின்னப் பிள்ளைக்கு எழுதியதல்ல, பத்தாம் வகுப்புக்கு மேல் கொடுக்கலாம். நூலகத்தில் கேட்டுப் பாருங்கள், பழைய கம்யூனிஸ்ட் கட்சிக்காரர் வீட்டு அலமாரிகளிலும் இருக்கும்.

அதுவரைக்கும் பிளாக் பியூட்டியை நீங்களே ஒரு நாளைக்கு ஒரு அத்தியாயம் படித்துத் தமிழில் சொல்லுங்கள். அத்தியாயங்கள் சின்னச் சின்னதுதான், கால் மணி நேரம் கூட ஆகாது, தினமும் சொன்னால் ஏழு வாரத்தில் முடிந்துவிடும்.